சுவரைத் தாண்டிப் போன கம்பி

எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கம்பியை அறுத்தது நான்தான். எலி கடித்துவிட்டது என்று அம்மா இரண்டு மூன்று பேரிடம் சொல்லிச் சமாளித்துப் பார்த்தாள். எலியுமில்லை, பெருச்சாளியுமில்லை. பட்டப்பகலில், ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கட்டிங் பிளேயரால் நறுக்கினேன். மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் நறுக்குவேன்.

எங்கள் வீடு சூலூருக்குப் பக்கத்தில். ஒரே வீடாக இருந்ததை அப்பாவும் சித்தப்பாவும் பங்கு பிரித்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பினார்கள். வடபாதி எங்களுக்கு, தென்பாதி அவர்களுக்கு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தார்கள், தென்னை மரங்களைப் பிரித்தார்கள், ஆட்டுக்கல் யாருக்கு என்பது வரைக்கும் பேசினார்கள். தொலைபேசியை மட்டும் மறந்துபோனார்கள். இணைப்பு அப்பா பெயரில். ஆனால் அதிலிருந்து ஒரு கிளைக் கம்பி முன்னமே தென்பாதிக்குப் போய், அங்கே இன்னொரு போன் இருந்தது. கொத்தனார் அந்தக் கம்பிக்காகச் சுவரில் ஒரு விரல் நுழையும் ஓட்டை விட்டுக் கட்டினார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. ஓட்டையை யாரும் அடைக்கவில்லை.

அழைப்பு வந்தால் இரண்டு பக்கமும் மணி அடிக்கும். அப்பா எடுப்பார். சித்தப்பாவுக்கு வந்த அழைப்பு என்றால் ஒரு வார்த்தை பேசாமல் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு, சுவரில் தட்டுவார். அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தறி ஓடும். கூப்பிட்டால் கேட்காது, சுவரில் தட்டினால் கேட்கும். தட்டினால் போனை எடு என்று அர்த்தம். சித்தப்பாவும் அப்படியேதான் செய்வார். அவர் ரிசீவரைத் தூக்கினால் எங்கள் ஹாலில் இருக்கும் பழைய போன் 'ணிங்' என்று ஒருமுறை முனகும். பல வருடம் அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் இருந்த உறவு இவ்வளவுதான்: தட்டு, ணிங்.

அப்பா ஒரு மத்தியானம் மாரடைப்பில் போனார். நான் அப்போது பெருந்துறையில், புகுந்த வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள்தான் அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் நானும் அந்தப் புகுந்த வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மாவிடமே வந்துவிட்டேன். ஏன் என்பது வேறு கதை. வாழாமல் வந்தவளுக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்று சித்தப்பா கல்யாண வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தது என் காதுக்கும் வந்தது. கேட்கட்டும் என்று விட்டேன்.

எனக்குக் கணக்கு வரும். வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டரை வரை வகுப்பு. பின்கட்டு அறையில் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒரு பவானி ஜமக்காளத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். சூலூர் விமானப்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் மட்டும் பிள்ளைகளைச் சற்று பொறுக்கச் சொல்வேன். அம்மாவுக்கும் எனக்கும் அந்த வேலைதான் சோறு.

அந்தச் சோற்றில்தான் மண் விழப் பார்த்தது. பாடம் போய்க்கொண்டே இருக்கும், ஆறரை வாக்கில் திடீரென்று மோடத்தில் பச்சை விளக்கு கண்ணடித்து அணைந்துவிடும். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன். அங்கே பிள்ளைகள் என் அசையாத மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். திரும்ப இணைப்பு வரப் பத்து நிமிடம் ஆகும். பெற்றோர் புகார் எழுதினார்கள். கம்பெனியில் என்னைக் கவனிக்கும் அம்மணி தன்மையாகத்தான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்: ஒரு வாரத்துக்குள் சரிசெய்யவேண்டும், அதன்பின் இந்த மாதத்தில் ஒருமுறை வகுப்பு அறுந்தாலும் என் பிள்ளைகள் அத்தனை பேரையும் வேறு ஆசிரியரிடம் மாற்றிவிடுவார்கள்.

கண்ணாடி இழை இணைப்பு வாங்கவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்காதவர்கள் யார்? கம்பம் இருப்பது சித்தப்பா பக்கத்தில். அவர் மொட்டைமாடியைத் தாண்டாமல் கேபிள் எங்கள் வீட்டுக்கு வராது. வந்த ஆட்களை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். செல்போன் சிக்னலோ எங்கள் பள்ளத்தில் ஒரு கோடு நின்றால் பெரிய விஷயம். ஆக, எனக்கிருந்தது அப்பா வாங்கிவைத்த அந்தச் செம்புக் கம்பி ஒன்றுதான்.

லைன்மேன் வந்து பார்த்தார். தெருவிலிருந்து வாசல் பெட்டி வரைக்கும் லைன் சுத்தமாக இருக்கிறது என்றார்.

"எங்க வேலை இந்தப் பெட்டியோட முடிஞ்சுதுங்க. உள்ள இருக்கறது உங்க பாடு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னது நல்ல புத்தி. ஞாயிற்றுக்கிழமை மோடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பெட்டியிலேயே மாட்டி, வீட்டுக்குள் போகும் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பொழுதெல்லாம் விளக்கு அசையாமல் எரிந்தது. கோளாறு எங்கள் வீட்டுக்குள்தான். டார்ச் அடித்துக்கொண்டு கம்பியின் பின்னாலேயே போனேன். ஹாலுக்கு ஒன்று, அப்பா அறைக்கு ஒன்று, அங்கிருந்து பின்கட்டுக்கு ஒன்று, சுவர் ஓட்டைக்கு ஒன்று என்று கிளை கிளையாக முறுக்கிவிட்டிருந்தார்கள். முறுக்கிய இடமெல்லாம் செம்பு பச்சை பூத்திருந்தது. ஒரு இடத்தில் விரல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது, அப்பாவின் கைவேலை. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இருந்தும் ஒன்று விளங்கவில்லை. இணைப்பு ஏன் குறிப்பாகச் சாயங்காலம் ஆறரைக்கு அறுகிறது? அதைக் கண்டுபிடித்தது அம்மா.

"உனக்கு நிக்கறப்பவெல்லாம் இங்க ணிங்குன்னு கேக்குது கண்ணு" என்றாள்.

சித்தப்பா ஆறரைக்கு ரிசீவரைத் தூக்குகிறார். பேச்சும் இணையமும் ஒரே கம்பியில் போவதால், ஒவ்வொரு போனுக்கும் இரண்டையும் பிரிக்க ஒரு சின்னப் பெட்டி மாட்டவேண்டும், ஸ்ப்ளிட்டர் என்பார்கள். எங்கள் போனில் இருந்தது, அவர் போனில் இல்லை. அவர் தூக்கினால் என் வகுப்பு சாகும். உக்கடத்தில் ஒரு பழைய எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் ஸ்ப்ளிட்டர் இரண்டும், புதுக் கம்பி ஒரு சுருளும் வாங்கினேன். யாருங்க இழுப்பாங்க என்று கடைக்கார பாய் கேட்டார். நான்தானுங்க என்றேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக இழுக்கச் சொல்லி, கிளிப் ஆணிகளையும் எடுத்துப் பொட்டலம் கட்டினார்.

கம்பியில் கை வைக்கும் முன் முறையாகத்தான் போனேன். தெருவைச் சுற்றிக்கொண்டு சித்தப்பா வாசலில் நின்று, உங்கள் போனில் இதை மாட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, என் பொழைப்பு நிற்கும் என்று பணிந்து சொன்னேன். செல்போன் வந்த பிறகு அந்தப் போனில் அவருக்கு யாரும் பேசுவதில்லையே, பின் எதற்குத் தினமும் தூக்குகிறீர்கள் என்றும் கேட்டேன். அவர் அதற்குச் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அது வண்டித்தடமாட்ட கண்ணு. நடந்துட்டே இருந்தாத்தான் பாத்தியம். நடக்காம உட்டா நாளைக்குத் தடமே இல்லீன்னு சொல்லிப்போடுவீங்க. அதான் தெனமும் எடுத்துக் காதுல வெச்சுப் பாத்துட்டு வெக்கறேன்."

பத்திரம் எழுதுகிற யாரோ ஒருவர் அவருக்கு இதைச் சொல்லியிருக்கிறார். காட்டுக்குப் போகும் வண்டித்தடத்தின் உரிமைக்குச் சொன்னதை இவர் கம்பிக்குப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அந்தப் பெட்டியை மாட்டினால் போன் என் கைக்குப் போய்விடும், அதற்கெல்லாம் தான் ஆளில்லை என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

என் சோற்றுக்கு நடுவே ஒரு மனுஷன் தினமும் செருப்பைப் போட்டு நடந்துவிட்டுப் போகிறான், அதற்குப் பாத்தியம் என்று பெயர் வேறு! மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஸ்டூலை எடுத்தேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். வேண்டாங் கண்ணு, இருக்கிற சொந்தமும் அத்துப்போகும் என்றாள். எந்தச் சொந்தம் என்று கேட்டேன். அவள் அந்தச் சுவர் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆடுகிற ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அறுத்தேன். பச்சை பூத்த கம்பியையெல்லாம் உருவிப் போட்டேன். வாசல் பெட்டியில் ஸ்ப்ளிட்டரை வைத்து, அங்கிருந்து பின்கட்டுக்கு ஒரே துண்டாகப் புதுக் கம்பி இழுத்து, முழத்துக்கு ஒரு கிளிப் அடித்தேன். விரலில் இரண்டு இடத்தில் சுத்தியல் விழுந்தது. நாலு மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. ஆறரை வந்தது. ணிங் வரவில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஐந்து நிமிடத்தில் சித்தப்பா வந்தார். கையில் அந்தப் போன், வால் போல் கம்பி தொங்க. அப்பாவின் காரியத்துக்கு அப்புறம் எங்கள் வாசல்படியை அன்றுதான் மிதித்தார். பின்கட்டு வரை வந்து நின்றார். நான் எழுந்திருக்கவில்லை. பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் மூன்றாவது தடவையாகத் தப்புப் போட்டான். நாலாவது தடவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எட்டரைக்கு வகுப்பு முடியும் வரை அவர் ஹாலில் அப்பா நாற்காலியில் காத்திருந்தார். அம்மா காப்பி வைத்தாள். அவர் தொடவில்லை.

"கம்பிய அறுத்துப்போட்டயா?"

"அறுத்துப்போட்டனுங்க சித்தப்பா."

"உங்கப்பன் இருந்தா அறுத்திருப்பானா?"

"மாட்டாருங்க. அவரு அறுக்காததுனாலதான் நான் அறுக்க வேண்டியதாப் போச்சு."

கேஸ் போடுவேன் என்றார். போடுங்கள் என்றேன். அவர் தணியவில்லை. எத்தனை வருடத்துப் பழக்கம், இந்த வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் தனக்கு எப்படித் தெரியும், அந்தக் கம்பி ஒன்றுதானே இருந்தது என்று ஆரம்பித்தார். அதுவரை கதவோரம் நின்றிருந்த அம்மா நடுவே வந்தாள். கொழுந்தனாருக்கு எதிரே அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"அவரு நெஞ்சப் புடிச்சுட்டு உளுந்தன்னைக்கு நான் இந்தச் செவுத்தத் தட்டுனேனுங்க தம்பி. ரண்டு தட்டு இல்லீங்க. கையி வீங்கற மட்டும் தட்டுனேன். நீங்க போனை எடுத்தீங்க. ணிங்குன்னு கேட்டுது. வெச்சுப்போட்டீங்க. மறுக்காத் தட்டுனேன், மறுக்கா எடுத்தீங்க. இந்த வாசலுக்கு வல்லீங்களே?"

எனக்கும் இது அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாள் அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பா வாயைத் திறந்தார். ஏதோ அழைப்பு வந்திருக்கிறது என்று நினைத்ததாகவும், எடுத்துப் பார்த்தால் யாரும் பேசவில்லை என்றும் சொன்னார். மடியில் இருந்த போனை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மாதம் முடிந்தது. அதன்பின் ஒரு வகுப்பும் அறுபடவில்லை. பிள்ளைகள் என்னிடமே இருக்கிறார்கள். கேஸும் வரவில்லை. அறுத்த மறுநாளே அந்த ஓட்டையை அடைக்க நான் ஒரு தட்டில் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அவளே அடைத்தாள்.