முப்பத்திரண்டரை டிகிரி

பத்தாம் வகுப்புக்குப் புவி விண்வெளி அறிவியல் நடத்திய ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உருண்டை டீச்சர். எந்த வகுப்புக்குப் போனாலும் குழந்தையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகும் பூகோள உருண்டை அந்தப் பெயருக்குப் பாதிக் காரணம். மீதிப் பாதிக்கு அவரே காரணம். இரண்டும் அவருக்குத் தெரியும், ஒன்றுக்கும் கோபப்பட்டதில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் கோபப்பட்டதெல்லாம் வேறு விஷயங்களுக்கு. வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் ஆய்வகம் இருந்தது. இவர் கேட்டபோது, "உங்களுக்குத்தான் ஆகாயமே இருக்கே மேடம்" என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே கோப்பை மூடிவிட்டார்.

அந்த ஆண்டு புதுப் பாடநூல் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், ஏழாவது வரி: "புவியின் அச்சு 32½ டிகிரி சாய்ந்துள்ளது." இருபத்துமூன்றரையின் இரண்டும் மூன்றும் அச்சகத்தில் இடம் மாறிவிட்டன. எழுதினவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் என்று முன்பக்கத்தில் பதினோரு பேர் பெயர் வரிசையாக இருந்தது. பதினோரு ஜோடிக் கண்ணையும் தாண்டி வந்திருந்தது பூமி.

டீச்சர் உருண்டையை மேசைமேல் வைத்தார். அதன் தண்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கோணமானியை வைத்துக் காட்டினார்.

"எல்லாரும் பேனா எடுங்க. முப்பத்திரண்டரைய வெட்டிட்டு மேல இருபத்திமூணரைன்னு எழுதுங்க."

"பென்சில்ல எழுதிக்கலாமா டீச்சர்? அடுத்த வருஷம் இந்தப் புத்தகம் என் தங்கச்சிக்குப் போகணும்."

"உன் தங்கச்சி படிக்கும்போதும் பூமி இப்படித்தான் சாஞ்சிருக்கும். பேனாவாலயே எழுது. யாரும் அழிக்க முடியாத மாதிரி அழுத்தி எழுது."

நாற்பத்திரண்டு பேரும் அழுத்தி எழுதினார்கள். டீச்சர் அன்றே தேர்வு வாரியத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு அட்டை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

கணக்கு சார் மட்டும் ஆசிரியர் அறையில் எச்சரித்தார். "ஏன் மேடம் வம்பு? தாள் திருத்தறவங்க கையில உங்க பேனா இருக்காது. விடைக்குறிப்புதான் இருக்கும்."

"விடைக்குறிப்பு எழுதறவங்க படிச்சவங்கதானே சார்?"

"படிச்சவங்கதான். இந்தப் புத்தகத்தப் படிச்சவங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிய இன்னும் பத்து மாதம் இருந்தது.

சொன்னதை நம்புவது படிப்பாகாது, அளந்து பார்ப்பதுதான் படிப்பு என்பது அவர் கட்சி. அதனால் வருடத்தின் மிக நீளமான பகல் வந்ததும், நடுப்பகலில் வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு குச்சியை நட்டு அதன் நிழலை அளப்பதாகத் திட்டம். போய்ப் பார்த்தால், முந்தின நாள் நட்ட குச்சியை விளையாட்டு வகுப்புக்காரர்கள் ஹாக்கி ஆடப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். உச்சி நேரம் யாருக்காகவும் நிற்காது. டீச்சர் சுற்றிலும் பார்த்தார். வகுப்பிலேயே உயரமான பெண் ஒருத்தி கடைசியில் நெளிந்துகொண்டு நின்றாள்.

"நீ வாடி இங்க. நேரா நில்லு. இன்னிக்கு நீதான் குச்சி."

அவள் நிமிர்ந்து நின்றாள். அவள் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் அளந்து, தாளில் முக்கோணம் வரைந்து, கோணம் எடுத்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயரே குச்சி. அதுவரை பெயர் சொல்லி யாரும் கூப்பிடாத பெண். படிப்பில் சுமார், பேச்சில் அதைவிடச் சுமார். ஆனால் குச்சி ஆனதிலிருந்து முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து, மிகக் குறுகிய பகலில் மறுபடி அளந்தார்கள்.

"டீச்சர், குச்சி மூணு சென்டிமீட்டர் நீண்டுடுச்சு! கணக்கு செல்லாது!"

"நீளட்டும்டா. உயரம் கூடினா நிழலும் கூடும். கோணம் மாறாது."

இரண்டு கோணங்களுக்கும் இடையே நாற்பத்தாறு டிகிரி வந்தது. வருடத்தில் சூரியன் மேலும் கீழுமாக ஊஞ்சலாடும் அந்தத் தூரத்தில் பாதிதான் பூமியின் சாய்வு. பாதி, இருபத்துமூன்று.

"அரை டிகிரி எங்க டீச்சர்?"

"குச்சி கொஞ்சம் கூன் போட்டிருந்துச்சுல்ல, அதுல போச்சு" என்றார். வகுப்பு சிரித்தது. குச்சியும் சிரித்தாள். அவளுக்குப் பெருமையான பெருமை. பூமியை அளக்க உதவிய உடம்பு அவளுடையது.

பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக அது வந்தது. கோடிட்ட இடம்: புவியின் அச்சு ______ டிகிரி சாய்ந்துள்ளது. வெளியே வந்த குச்சி ஓடி வந்து, "நம்ம நிழல் வந்திருக்கு டீச்சர்!" என்றாள்.

முடிவுகள் வந்த நாளில் டீச்சர் பலகைக்கு முன்னால் நின்று விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். குச்சி, அறிவியல், முப்பத்துநான்கு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து.

மாலையில் விடைக்குறிப்பு கைக்கு வந்தது. அதில் 32½ என்று இருந்தது.

அவர் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் அந்த ஒரு மதிப்பெண் போயிருந்தது. நாற்பத்தொரு பேருக்கு அது ஒரு மதிப்பெண்தான். ஒருத்திக்கு மட்டும் அது வாசல்.

மறுநாள் குச்சியின் அம்மா பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார். ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவர். தோளில் இன்னும் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"டீச்சரம்மா, நீங்க சொல்லிக் குடுத்ததத்தானே அவ எழுதினா?"

"ஆமாம்மா."

"அது சரிதானே?"

"சரிதான். அவ தப்பா எழுதல."

"தப்பா எழுதலன்னா எப்படித் தவறினா?"

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ கேள்விகளுக்கு டீச்சர் பதில் சொல்லியிருக்கிறார். வால்நட்சத்திரம் ஏன் வால் வைத்திருக்கிறது என்பதற்குக்கூட. இப்போது அந்த அம்மாவின் தோளிலிருந்து ஒரு நூல் துணுக்கை எடுத்து விரலில் உருட்டினார்.

"எங்க கம்பெனில நூல் பிசிறு வெட்ட நாலு பொண்ணுங்க எடுக்கறாங்க. திரும்ப எழுதறதுன்னா மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அந்த வேல காத்திருக்காது. பாஸ் பண்ணா பதினொண்ணாவது, இல்லன்னா கம்பெனின்னு அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். நான் என்ன அவளுக்கு எதிரியா? என் கண்ணு இன்னும் எத்தன வருஷம் ஊசி கோக்கும்?"

"பத்து நாள் குடுங்கம்மா. பத்தே நாள். நான் வாங்கித் தரேன்."

வாங்கித் தரேன் என்று சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பிறகு பலமுறை தோன்றியது. அப்போது, உண்மை நம் பக்கம் இருக்கிறதே என்ற தைரியம்.

தேர்வு வாரியத்தில் மூன்றாவது மாடி. அதிகாரி மரியாதையானவர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீச்சர் தன் பழைய கடிதத்தின் நகல், பெற்றுக்கொண்ட அட்டை, பிள்ளைகள் வரைந்த முக்கோணங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

"இது என்ன மேடம்?"

"நிழல வச்சு அளந்தது சார். இருபத்திமூணு வந்திருக்கு."

"எத வச்சு அளந்தீங்க?"

"அந்தப் பொண்ண வச்சுத்தான் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் மேசையிலேயே காகிதம் பறக்காமல் இருக்க ஒரு சின்ன பூகோள உருண்டை இருந்தது. டீச்சர் அதைக் காட்டினார். "சார், உங்க முன்னாடி இருக்கறதே இருபத்திமூணரைதான்."

அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "இது வெளில வாங்கினது மேடம். அங்கீகாரம் கிடையாது."

கேலி செய்கிறாரோ என்று டீச்சர் முகத்தைப் பார்த்தார். அவர் கேலி செய்யவில்லை.

"பூமி எவ்வளவு சாஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே சார்?"

"எனக்குத் தெரியறது வேற மேடம். விடைக்குறிப்பு வேற. முப்பத்திரண்டரைன்னு எழுதி மார்க் வாங்கினவங்க எத்தன ஆயிரம் பேர் தெரியுமா? இப்ப அது தப்புன்னு சொன்னா அவங்க மார்க்கப் புடுங்கணும். முடியுமா?"

"புடுங்க வேண்டாம் சார். ரெண்டு விடைக்கும் குடுத்துடுங்க."

"ஒரு பூமிக்கு ரெண்டு சாய்வா?" அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "நீங்க அறிவியல் சொல்லிக் குடுக்கறவங்க. நீங்களே இப்படிப் பேசலாமா?"

டீச்சர் பரப்பிய முக்கோணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

பூமி நகர்கிறது என்று சொன்னவர்களை மண்டியிட வைத்த காலம் ஒன்று உண்டு. அப்படி மண்டியிட வைத்தவர்களுக்கு ஒரு நம்பிக்கையாவது இருந்தது. பூமி நிற்கிறது என்று அவர்கள் மனதார நம்பினார்கள். இந்த மூன்றாவது மாடியில் அந்த மூடநம்பிக்கைகூட இல்லை. பூமி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு பெண்ணின் விடைத்தாளில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போடவும் அவர்களால் முடிந்தது. அறியாமைக்குப் பாடம் நடத்தலாம். இதற்கு என்ன நடத்துவது?

"மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம்" என்றார் அதிகாரி, அனுதாபத்துடன். "உங்க பொண்ணு கொஞ்சம் சமயோசிதமா புத்தகத்துல இருக்கறதயே எழுதியிருக்கலாம்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் கணவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பது அவர் வேலை.

"மீட்டர் தப்பா ஓடுதுன்னு கண்ணால பாத்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

"காட்டறத எழுதிட்டு வருவேன்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். எனக்குத் தெரிஞ்சத எழுத அந்த நோட்டுல கட்டம் கிடையாதும்மா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உன் பசங்ககிட்ட மனசுல சரியா வச்சுக்கோங்க, தாள்ல புத்தகத்த எழுதுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பத்தாவதுலயே பொய் சொல்லப் பழக்கணுமா?"

"பொய்யில்லம்மா. அவளுக்கு ஒரு மார்க்." அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகக் குத்தியது.

பத்து நாளும் அவர் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். இரண்டு முறை வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கோப்பு நகர்கிறது என்றார்கள். பதினோராம் நாள் காலையில் குச்சி அம்மாவோடு கம்பெனி வண்டியில் ஏறிப் போனாள். பதினான்காம் நாள் கடிதம் வந்தது. இரண்டே வரி:

"மேற்படி மாணவியின் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. தாங்கள் சுட்டிய பாடநூல் பிழை வரும் கல்வியாண்டு முதல் திருத்தப்படும்."

டீச்சர் அதை மூன்று முறை படித்தார். ஒரே தாள், ஒரே கையெழுத்து. முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் பூமி ஒன்பது டிகிரி நிமிர்ந்திருந்தது.

பள்ளி திறந்தது. மறுபடியும் மிக நீளமான பகல் வந்தது. அன்று டீச்சர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெளிவாக இல்லை. திரும்ப எழுதுவதற்கான விண்ணப்பம் ஒன்று கைப்பையில் இருந்தது.

மதிய இடைவேளை மணி அடித்ததும் பெண்கள் வெளியே வந்தார்கள். குச்சி இவரைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். விரல்களில் கத்தரிக்கோல் வளையத்தின் தழும்பு.

"டீச்சர்! எங்க இங்க?"

"சும்மாதான்டி. எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன் டீச்சர். ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குப் பிசிறு வெட்டறேன்." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். "நிழல் ரொம்பக் குட்டியா இருக்கே. இன்னிக்குத்தானா டீச்சர்?"

"இன்னிக்குத்தான்."

"உள்ள ஜன்னலே இல்ல டீச்சர். எது உச்சிப் பொழுதுன்னு தெரியறதில்ல. மணி அடிச்சா மதியம்."

டீச்சர் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, நாலாக மடித்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "பரீட்சைக்கு அஞ்சு நாள் லீவு வேணும் டீச்சர். சேந்த மூணு மாசத்துக்குள்ள லீவு எடுத்தா வேற ஆள போட்டுருவாங்களாம்." கொஞ்சம் தயங்கினாள். "எழுதினாலும், இந்தத் தடவ எத எழுதறது டீச்சர்?"

"இருபத்திமூணரைதான்டி. இந்த வருஷத்துலேர்ந்து அதுதான் சரி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. குச்சி சிரித்தாள். "அப்ப பூமிக்கும் பாஸ் போட்டுட்டாங்க" என்றாள். மணி அடித்தது. வாசலில் ஆள் குறையக் குறைய, காவலாளி கதவைச் சாத்தத் தொடங்கினார். அவள் ஓடினாள். கூன் போட்டுக்கொண்டுதான் ஓடினாள்.

மறுநாள் பத்தாம் வகுப்புக்குப் புதுப் பதிப்பு வந்து சேர்ந்தது. டீச்சர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். 23½. அச்சு அழகாக, அழுத்தமாக விழுந்திருந்தது. அப்படியே புரட்டிக்கொண்டு போனவர் நூற்றுப் பதினெட்டில் நின்றார். "நிலவு பூமியை ஒருமுறை சுற்றிவர 72⅓ நாட்கள் ஆகிறது." இருபத்தேழு எழுபத்திரண்டாகியிருந்தது.

முன் பெஞ்சிலிருந்த பையனும் அதைப் பார்த்துவிட்டான். அக்கா புத்தகத்தில் பார்த்த பழக்கம் போலிருக்கிறது, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டான்.

"டீச்சர், இதுவும் தப்புதானே? வெட்டிடலாமா?"

நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் உருண்டையின்மேல் கை வைத்தபடி நின்றார். வாரியத்துக்கு இன்றே கடிதம் எழுத வேண்டும், அட்டை வரும் என்று நினைத்தார். நானூறு சட்டைகளை நினைத்தார்.

"பேனா வேண்டாம்ப்பா" என்றார். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பென்சில்ல எழுதிக்கோங்க."