விருந்தாளிகள் வராத நாளில் வந்த றோஸ்மலர் அக்கா

செய்தி வந்தபோது செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பிரதேச சபைச் செயலாளர்தான் அழைத்தார். "றோஸ்மலர் அக்கா மோசம் போயிற்றா. காலமை நெஞ்சு நோகுதெண்டவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறத்துக்குள்ள முடிஞ்சிற்று" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்த இல்லத்துக்கு யார் போவது என்ற பயம்தான் வந்தது. அக்காவை அறிந்த உங்களிடம் இதை மறைப்பானேன்? எனக்கு எப்போதும் பயம் முந்தும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

வாவிக் கரையில் இருக்கும் அந்த இல்லத்தில் உளவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் வாழ்கிறார்கள். காணியும் கட்டடமும் எங்கள் சபைக்குச் சொந்தம். ஆண்டுதோறும் சபை உதவிப்பணமும் கொடுக்கிறது. அதனால் அங்கே போய்ப் பார்த்துவந்து சபையில் சொல்ல இரண்டு உறுப்பினர்களை நியமித்திருந்தார்கள். ஒருவர் செங்கலடியில் துணிக்கடை வைத்திருந்த றோஸ்மலர் அக்கா. மற்றவள் நான். இருவரும் வேறு வேறு கட்சி. வரவுசெலவுத் திட்டம் வந்தால் எதிரும் புதிருமாக இருந்து கத்துவோம். என்னை நியமித்ததற்குக் காரணம், என் தம்பி சுதன் அங்கே இருப்பதுதான். "உங்களுக்குத்தான் அந்தப் பிள்ளையளப் பத்தி விளங்கும்" என்றார்கள். சுதனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அம்மா இறந்த பிறகு, நான் வேலைக்குப் போன நேரமெல்லாம் வீட்டை விட்டு இறங்கி வாவிக்குள் நடக்கத் தொடங்கினான். வேறு வழியில்லாமல்தான் அங்கே சேர்த்தேன். அவர்கள் அவனை வேண்டாம் என்றால் எனக்கு வேறு இடம் கிடையாது.

முதல் நாள் ஆட்டோவில் போகும்போதே அக்கா இதைக் கண்டுபிடித்துவிட்டார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். "இஞ்ச பாரு புள்ள, அங்க நீ வாயத் திறக்காத. பேசுறதெல்லாம் நான் பேசுறன். உனக்கு உள்ளுக்கு ஒரு தம்பி இரிக்கான். எனக்கு அங்க ஒருத்தருமில்ல. கோவிச்சா என்னோட கோவிக்கட்டும்" என்றார். அன்று தொடங்கி கடைசி வரை அப்படித்தான் நடந்தது. கேள்வி அவருடையது, கெட்ட பெயரும் அவருடையது. நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள், இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள், ஆண்டுத் திவசம் என்று எது வந்தாலும் இப்படியான இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுப்போம். உடுப்பும் கொடுப்போம். பெரிய மனதோடுதான் கொடுக்கிறோம். சபை உறுப்பினர்களும் அந்த நாட்களில்தான் போவார்கள். பந்தல் இருக்கும், பாட்டு இருக்கும், எல்லோரும் தலைவாரிப் பவுடர் பூசி இருப்பார்கள். அக்கா அந்த நாட்களில் போகவே மாட்டார். "சோறு குடுக்கிற நாளில பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? கலியாண வீட்டுக்குப் போய் அடுப்படி எப்பிடி எண்டு கேக்கிற மாதிரி" என்பார். ஒருவரும் சாப்பாடு கொடுக்காத நாளாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்.

அப்படிப் போன ஒரு நாளில், எல்லோரும் சாயம் போன பழைய உடுப்போடு இருந்தார்கள். எங்களைக் கண்டதும் இல்லப் பொறுப்பாளரான பெண் உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் சுதன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அக்கா அவன் தோளைத் தடவிப் பார்த்தார். "இது என்ட கடைச் சட்டை. போன வருசம் ஒரு திவசத்துக்கு வாங்கிக்கொண்டு போனவங்க. மடிப்பு இன்னும் கலையல்லயே?" என்றார். பூட்டியிருந்த அலுமாரியைத் திறக்கச் சொன்னார். கொடுத்த உடுப்பெல்லாம் அடுக்கியபடி இருந்தது. "குடுத்தவங்க திரும்பி வந்து பாத்தா புதுசா இரிக்கணுமே அக்கா. இவங்களுக்கிட்டக் குடுத்தாக் கிழிச்சுப் போடுவாங்க" என்றார் பொறுப்பாளர். அந்த மனுசியில் களவு இல்லை. கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்வதாகவே உண்மையில் நினைத்திருந்தார். அக்கா சிரித்துவிட்டார். "கிழியட்டும் புள்ள. கிழிஞ்சாத்தானே நான் இன்னொண்டு விக்கலாம்!" அன்று பொறுப்பாளரும் சிரித்தார். சாவி அலுமாரியிலேயே தொங்கத் தொடங்கியது.

கட்டில் விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. சுதன் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பான். சாப்பிட்டாயா என்றாலும் ஓம், சாப்பிடவில்லையா என்றாலும் ஓம். மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டான். அக்கா அவனிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, "நீ எங்க படுக்கிற, மனே? எனக்குக் காட்டு" என்றார். அவன் அக்காவின் கையைப் பிடித்து, விரிப்பு விரித்த கட்டில்களைத் தாண்டி, அடுப்படிக்குப் பின்னால் இருந்த நடைபாதைக்குக் கூட்டிப்போனான். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த ஒரு பாயைக் காட்டினான். இரவில் சில நேரம் அவனுக்குப் படுக்கை நனைந்துவிடும். கொடையாகக் கிடைத்த மெத்தை பழுதாகக் கூடாதென்று அங்கே படுக்க வைத்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் போய்வந்த எனக்கு அவன் கட்டில் என்று ஒன்றைக் காட்டியிருந்தார்கள். நானும் அதன் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா சபையில் எழுந்து இதைச் சொன்னபோது பெரிய அமளி. கொடையாளிகள் மனம் நோவார்கள் என்றார் ஒருவர். ஊர்ப் பெயர் கெடும் என்றார் இன்னொருவர். "மெத்தைக்கு றப்பர் சீட் வாங்கிக் குடுங்க. இரவுக்கு இன்னொரு ஆளப் போடக் காசு ஒதுக்குங்க. அங்க இரிக்கிறவங்களும் மனுசர்தான், வேலை செய்யிறவங்களும் மனுசர்தான்" என்றார் அக்கா. இரண்டும் கிடைத்தன. அவருக்கு வாய்க்காரி என்ற பெயரும் கிடைத்தது. சுதன் கட்டிலில் படுத்தான்.

தன்னாமுனைக் கத்தோலிக்கக் கோயிலில் அடக்கப் பூசை முடிந்ததும் அக்காவின் மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "அம்மா அந்த இல்லத்துக்குப் போற நாளில காலமை ஒண்டும் தின்னமாட்டா, அன்ரி. வயித்தப் பிரட்டுதெண்டுவா. என்னத்தக் காணப்போறனோ எண்டு பயம்" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு வந்த மனுசியா? பிறகுதான் அழுதேன்.

அவர் இடத்துக்கு இன்னும் யாரையும் நியமிக்கவில்லை. இனிமேல் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனால் போதும் என்று சபையில் பேச்சு அடிபடுகிறது. எனக்கு அக்காவின் வாய் இல்லை, துணியைத் தடவியே கண்டுபிடிக்கும் கையும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வயிற்றுப் பிரட்டலை மட்டும்தான். அதோடும் போகலாம் என்று இப்போது தெரிகிறது.

இந்த வாரம், ஒருவரும் சாப்பாடு கொடுக்காத நாளில், தனியாகப் போனேன். காலையில் தேத்தண்ணிகூட இறங்கவில்லை. பொறுப்பாளர் கேற்றைப் பாதி திறந்தபடி நின்றார்.

"அக்காவும் போயிற்றா. இனி ஆர் இப்பிடிச் சொல்லாம வாறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

அவர் கேற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. கோபமா களைப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "உங்கட தம்பி இஞ்சதானே இரிக்கான், தங்கச்சி" என்றார்.

கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம்," என்றேன். "அதுக்காகத்தான் வந்த நான். திறங்க."