ஃப்ரீசரில் வைத்த மொச்சை

பிளெய்ன்ஸ்பரோ பொதுத் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த பாத்தியில் முதன்முதலாக மொச்சை காய்த்தபோது, விதைக்கென்று கொஞ்சம் உரித்து பாட்டிலில் போட்டு வைத்தேன். குளிர்காலத்தில் திறந்து பார்த்தால் மணிகளில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். வண்டுகள் சாவகாசமாக உலாவிக்கொண்டிருந்தன. இறுக்கி மூடிய பாட்டிலுக்குள் எப்படி வந்தன என்று தேடிப் படித்தேன். செடியில் இருக்கும்போதே காயில் முட்டையிட்டுவிடுமாம்.

ஓட்டை விழாதவற்றைப் பொறுக்கி அடுத்த கோடையில் விதைத்தேன். இந்த முறை கிடைத்த விதைகளைப் பல்லில் கடித்தால் உடையும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன்.

"வண்டு செத்துடும், ஓகே. வெதையும் சேர்ந்து செத்துட்டா?" என்றார் கணவர். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படியில் ஈரத்துணி போட்டு மூடிய பாத்திரத்தைத் திறந்தேன். உள்ளே ஊறி உப்பிய மொச்சை.

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"ஃப்ரீசர்லேர்ந்துதான். உனக்குப் பிதுக்குப்பருப்பு கொழம்பு வெச்சு சர்ப்ரைஸ் பண்ணலாம்னு ஊற வெச்சேன். தண்ணிய வடிச்சுட்டு அப்படியே மறந்துட்டேன்."

"ஐயோ, அது என் வெத!"

அவர் முகம் வாடிவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, லுக்! தே ஹேவ் டெய்ல்ஸ்!"

குனிந்து பார்த்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு மணியிலும் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வேர் நீண்டிருந்தது. எங்கும் ஓர் ஓட்டைகூட இல்லை. வண்டு போயிருந்தது, விதை பிழைத்திருந்தது. நான் போட்ட கூச்சலில் கணவர் மறுபடி பயந்துவிட்டார்.

"திட்டறியா, சந்தோஷப்படறியா? தெளிவா சொல்லு!"

"ரெண்டும்தான்!"

நல்லவேளை, பையில் பாதியை மிச்சம் வைத்திருந்தார். முளைத்தவற்றில் திடமானவற்றை மகள் காகிதக் கோப்பைகளில் நட்டாள். வெளியே இன்னும் பனி உருகவில்லை. ஜன்னலோரம் முழுக்கக் கோப்பைகள். மீதியை மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தோல் நீங்கப் பிதுக்கினோம். வழுக்கிய பருப்பு ஒன்று கணவரின் கண்ணாடியில் போய் அடிக்க, மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

குழம்பில் உப்பு சற்றுத் தூக்கல். சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.