படகில் இரண்டாவது ஆள்

அப்பாவின் படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒருவர் அப்பா. இன்னொருவர் அக்காவின் கணவர். இதை நினைத்தாலே இளையவளுக்கு வயிறு எரியும்.

அப்பா அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் நின்று நின்று ஒரு காது மந்தமாகிவிட்டது. வீட்டில் அவர் பேசுவதெல்லாம் கூச்சல், கேட்பதெல்லாம் பாதி. யார் சொல்லையும் மதிக்கிற ஆள் இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னால் டாக்டரை மாற்றுவார். ஞாயிறு விடிந்தால் மட்டும் வேறு மனிதர். மோட்டார் இல்லாத சின்ன ஃபைபர் படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஏரிக்கு மீன் பிடிக்கப் போவார். பெரும்பாலும் வெறுங்கையோடு வருவார். சந்தோஷமாக வருவார்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "நானும் வரேன்பா."

"நீ வந்தா பேசிக்கிட்டே இருப்ப. மாப்பிள்ளை பாப்பாரு."

மாப்பிள்ளை கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தன் மூக்கிலேயே தடித்த கண்ணாடி. "அந்தக் கண்ண வச்சுக்கிட்டு என்னத்தப் பாப்பாராம்?" என்று அக்காவிடம் பொருமுவாள்.

"உனக்குப் பொறாமைடி."

"ஆமா, பொறாமைதான். இப்ப என்ன அதுக்கு?"

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்துபோனார். அவள் அப்போது ரயிலில் இருந்தாள். கூச்சல் அடங்கிப்போய் அவர் வெறுமனே உதட்டை அசைத்தபோது, குனிந்து கேட்டவர் அத்தான். என்ன சொன்னார் என்று அவள் பிறகு கேட்டாள்.

"காத்து எப்படி இருக்குன்னு கேட்டாரும்மா."

அதைக்கூட இந்த மனுஷனிடம்தான் கேட்டிருக்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. அப்பா உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்து, அப்பாவின் ராடில் ஒரு மீன் பிடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தனக்கென்று இருக்க வேண்டும். சொன்னதும் அத்தான் சரி என்றார். யோசிக்கக்கூட இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ராடு அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. ரீலில் நைலான் நரம்பு ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

"யார் சுத்துனது?"

"நான்தான்," என்றார் அத்தான். "மாமா பிடிச்சுக்குவாரு, நான் சுத்துவேன்."

அன்று மாலையே அவள் அந்த நரம்பு முழுவதையும் உருவிக் குப்பையில் போட்டாள். அதற்குப் பதிலாகப் பின்னல் நரம்பு வாங்கிவந்து இறுக்கிச் சுற்றினாள். மெல்லியது, நீளாது, லேசில் அறாது. அத்தான் விரலால் நெருடிப் பார்த்தார்.

"எதுக்கு இவ்வளவு பலம்? நைலான்னா நீண்டு குடுக்கும். ரொம்ப இழுத்தா அதுவா அறுந்துடும். படகுக்கு அதுதான் நல்லதுன்னு மாமா சொல்வாரு."

"எனக்குச் சொல்றீங்களா? கயிறு அறுக்கறதுதான் அத்தான் என் பொழப்பே."

உண்மைதான். கிரேன் கயிறுகளை இயந்திரத்தில் மாட்டி அறுபடும்வரை இழுத்துப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஓர் அமைப்பில் எது முதலில் அறுந்தால் ஆபத்தில்லையோ அதைத்தான் பலவீனமாக வைக்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள். தெரிந்தேதான் சுற்றினாள். அந்த ரீலில் அத்தானின் கைபட்டது எதுவும் இருக்கக் கூடாது.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் அத்தான் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட்டை நீட்டினார்.

"எனக்கு நீந்தத் தெரியும்."

"மாமாவுக்கும்தான் தெரியும். இத மாட்டாம ஏற மாட்டாரு."

"அப்பாவா? ஹெல்மெட் போடுங்கன்னா சண்டைக்கு வருவாரே!"

"படகுல நான் சொன்னா கேப்பாரு. இன்னொண்ணு. ஒருத்தர் பிடிச்சா ஒருத்தர் பாக்கணும். நான் 'வெட்டு'ன்னு சொன்னா, என்ன மீனா இருந்தாலும் நரம்ப வெட்டிடணும். கத்தி உன் ஜாக்கெட்லயே தொங்குது பாரு."

"அப்பா வெட்டுவாரா?"

"நான் சொன்னா வெட்டிடுவாரு."

அவள் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். அம்மா சொல்லி ஒரு சட்டையைக்கூட மாற்றாத மனிதர்.

அத்தான் துடுப்புகளைப் பிடித்து, படகின் மூக்கு காற்றைப் பார்த்தபடியே இருக்குமாறு நிறுத்தினார். அவர் தூண்டிலைப் பார்க்கவே இல்லை. தண்ணீரின் நிறத்தையும் எதிர்க்கரை மரங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பிடிக்கவே மாட்டீங்களா?"

"ஒரு நாளும் தூண்டில் போட்டதில்ல. கேட்டதும் இல்ல."

வெயில் ஏறிய பிறகு ராடு வளைந்தது. கெண்டை. ஒருமுறை புரண்டு தன் உடம்பைக் காட்டியது. அப்பா தூக்கிவந்த எதுவும் இந்த அளவு இல்லை.

"காத்து வருது," என்றார் அத்தான்.

"வரட்டும்!"

மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. நரம்பு இடது துடுப்பைச் சுற்றிக்கொண்டது. அத்தான் இழுத்தார், துடுப்பு அசையவில்லை. ஒற்றைத் துடுப்பால் தள்ளத் தள்ள, மூக்கு காற்றைவிட்டு விலகியது. படகு அலைக்கு விலாவைக் காட்டி நின்றது.

"வெட்டு!"

"ஒரு நிமிஷம் அத்தான்!"

நைலானாக இருந்தால் இதற்குள் தானே அறுந்திருக்கும். முதல் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவள் மீனை இழுக்கப் பாதி எழுந்தாள். படகு அவள் பக்கம் சாய்ந்தது.

"உக்காரு! வெட்டு! வெட்டும்மா!"

மீன் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. பிடித்துவிட்டால் அவளுக்கென்று ஒரு ஞாயிறு. திரும்பிப் பார்த்தாள். அத்தானின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அப்படியும் அவர் அவளைப் பார்க்கவில்லை, அடுத்த அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் இப்படித்தான் பார்த்திருக்கிறார். அப்பா அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பினார்.

அவள் உட்கார்ந்தாள். வெட்டினாள்.

துடுப்பு விடுபட்டது. அத்தான் இரண்டே இழுப்பில் மூக்கைத் திருப்பினார். அடுத்த அலையைப் படகு ஏறிக் கடந்தது. அவள் டப்பாவால் தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். கடைசி டப்பாத் தண்ணீரையும் கொட்டிவிட்டுக் கேட்டாள்.

"வெட்டின பிறகு அப்பா என்ன செய்வாரு?"

"கரை வர்ற வரைக்கும் என்னைத் திட்டுவாரு."

"உங்களையா? மாப்பிள்ளைன்னு வாய் நிறையக் கூப்பிடுவாரே!"

"அதெல்லாம் கரையில. படகுல 'டேய்'தான்."

'டேய்' என்று அப்பா தன் கூடப்பிறந்த தம்பியைத் தவிர யாரையும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. மறுபடியும் வயிறு எரிந்தது. கண்ணும் எரிந்தது.

"டேய் அத்தானே," என்றாள்.

அத்தானின் துடுப்பு ஒரு கணம் நின்றது.

"கண்ணு தெரியாத ஜென்மமே! அது எவ்வளவு பெரிய மீனு தெரியுமா? கைக்கு வந்தத வெட்ட வச்சுட்டியே! காத்தாம் காத்து! உன் காத்துல இடி விழ!"

"இன்னும் சத்தமாம்மா," என்றார் அவர். இரண்டு கையும் துடுப்பில் இருந்ததால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. "மாமா கத்துவாரு."

அவள் கத்தினாள். கரையில் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை கத்தினாள்.