‘உறவு’ என்ற கட்டம்

அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்த நாட்டை விட்டு வந்து முப்பத்தோரு வருடம். அதில் இருபத்தாறு வருடம் ஒரே கம்பெனி. பதினான்கு கட்டடங்கள், நாற்பது லிஃப்ட். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் நிறுத்தி மோட்டார் அறைக்குப் போவார். பிரேக்கைப் பார்ப்பார். இரும்புக் கயிற்றில் பழந்துணியைச் சுற்றிப் பிடித்து, மெதுவாக ஓடவிடுவார். இழை எங்காவது விட்டிருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே சோதனை அட்டையில் கையெழுத்துப் போடமாட்டார். கீழிருந்து மேல்வரை ஒரு தடவை தானே அதில் ஏறிப் போய்விட்டு வந்துதான் பேனாவை எடுப்பார்.

வீடு தரைத்தளத்தில் இரண்டு அறை ஃபிளாட். அவர் பெயரில் வாங்கியது.

“ஊரையெல்லாம் மேல ஏத்தி விட்டுட்டு நீங்க மட்டும் கீழயே கிடங்க” என்பாள் அவரோடு அந்த வீட்டில் பதினான்கு வருடம் வாழ்ந்தவள்.

“லிஃப்ட் எப்ப நிக்கும்னு லிஃப்ட்காரனுக்குத்தான தெரியும்” என்பார் அவர்.

அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். அவரிடம் வந்து சேர்ந்தபோது எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். முதல் கணவன் வேறு ஊரில் உயிரோடு இருந்தான். விவாகரத்துக்குக் கையெழுத்துக் கேட்டபோதெல்லாம் “பாக்கலாம்” என்றான். கடைசிவரை பார்க்கவே இல்லை. அதனால் இவர்கள் கல்யாணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. குழந்தையைத் தத்தெடுக்கவும் அதே ஆளின் கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது.

வந்த முதல் நாள் சாயங்காலமே அந்தக் குழந்தை அவர் முன்னால் வந்து நின்று கேட்டுவிட்டது.

“உங்கள நான் என்னன்னு கூப்பிடறது?”

“உனக்கு எது வாயில வருதோ அப்படிக் கூப்பிடு.”

“அப்பான்னு கூப்பிட மாட்டேன். எனக்கு அப்பா இருக்காரு.”

“சரி.”

“சித்தப்பா?”

“ம். நல்லாத்தான் இருக்கு.”

அப்பாவின் தம்பியும் சித்தப்பா, சித்தியின் கணவரும் சித்தப்பா, அம்மாவோடு வந்து சேர்ந்தவரும் சித்தப்பா. ஒரே சொல்லில் மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. அக்கம்பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வராது. ஐம்பதுக்குக் கீழே மதிப்பெண் வந்த அட்டையை மட்டும் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் நேரே அவரிடம் கொண்டுவருவாள்.

“சித்தப்பா, அம்மா கண்ணுல படறதுக்குள்ள போட்டுருங்க.”

“படிச்சுப் பாக்காம நான் எதுலயும் போடறதில்ல” என்று சொல்லி, ஒவ்வொரு மதிப்பெண்ணாகச் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போடுவார்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது அம்மா இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் எல்லாத் தாள்களிலும் மகள்தான் கையெழுத்துப் போட்டாள். மேசையில் இருந்தவர் இவரைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டார். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். “கூட வந்தவர்” என்று மகள் சொன்னாள். அந்த அவசரத்தில் வேறு சொல் அவளுக்கும் வரவில்லை. அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. நாளைக்கு அவரே போய்விட்டால் இந்தப் பெண்ணுக்கும் பெஞ்சுதான். அந்த நாட்டுச் சட்டப்படி, உயில் பதிவு செய்யாமல் இறக்கும் வெளிநாட்டவரின் சொத்து ரத்த சம்பந்தம் உள்ளவர்களுக்குப் போகும். அவருக்கு ரத்த சம்பந்தம் என்று இருந்தது பிறந்த நாட்டில் ஒரே அண்ணன், அண்ணனுக்கு ஒரே மகள். அண்ணன் நல்ல மனிதர். ஆனால் இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது என்று கயிற்றை அப்படியே விட்டுவிடுகிற ஆள் அல்ல லிஃப்ட்காரர்.

உயில் அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும். அவருக்கு அந்த மொழி பேச வரும், படிக்க வராது. பதிவு அலுவலகத்தின் பட்டியலில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒருவர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ஒரு அம்மா. அவருடைய சின்ன அறையில் உட்கார்ந்து லிஃப்ட்காரர் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதினார்.

“கூடப்பிறந்தவங்க?”

“ஒரே அண்ணன்.”

“வீட்டை யாருக்கு எழுதறீங்க?”

அவர் பெண்ணின் பெயரைச் சொன்னார். பாஸ்போர்ட் நகலை நீட்டினார்.

“பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?”

மகள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஒருமுறைகூட அவள் அப்படிச் சொல்ல இடம் கொடுத்ததில்லை. அவளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

“என்னைய சித்தப்பான்னு கூப்பிடுவா.”

“சரி சரி” என்று அந்த அம்மா எழுதிக்கொண்டே போனார்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவு நடந்தது. கூட வேலை பார்க்கும் இருவர் சாட்சி. அவர் பாஸ்போர்ட் எண்களை விரல் வைத்துச் சரிபார்த்தார். ஃபிளாட் எண், கட்டட எண், தேதி எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தார். படிக்கத் தெரிந்தது எண்கள்தான். கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது.

உறையை அவளிடம் கொடுத்து, “பத்திரமா வெச்சுக்க. இப்பப் பிரிக்கணும்னு இல்ல” என்றார். அவள் பிரித்தாள். அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஆயிற்றே. அடுப்படியில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். மடித்தாள். உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் வீட்டில் பேச்சு இல்லை. கேட்டதற்குப் பதில் வந்தது, அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். பத்தாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை.

“என்னம்மா, வாரக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? வா, சோறு எடுத்து வெச்சிருக்கேன்.”

“எனக்கு எதுக்கு எடுத்து வெக்கறீங்க? உங்க அண்ணன் பொண்ணக் கூப்பிட்டுப் போடுங்க.”

“அவ எங்க வந்தா இதுல?”

அவள் உறையை எடுத்துவந்து மேசையில் போட்டாள். ஒரு வரியில் விரலை வைத்து அந்த மொழியில் படித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“‘உறவு: அண்ணன் மகள்.’ என் பேரு, என் பாஸ்போர்ட், எல்லாம் சரியா இருக்கு. உறவு மட்டும் வேற யாரோடதோ. வெளிய சொல்ல வெக்கமா இருந்தா எழுதாமலே இருந்திருக்கலாம்ல?”

“சத்தியமா நான் அப்படிச் சொல்லல.”

“பின்ன என்ன சொன்னீங்க?”

சொன்னதை அவர் சொன்னார். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்ததே அவள்தான்.

மொழிபெயர்ப்பாளர் அம்மா போனில் முதலில் படபடத்தார். “நீங்கதான சார் சித்தப்பான்னீங்க? அண்ணன் இருக்காருன்னும் சொன்னீங்க. நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?” பிறகு, “ஐயோ, நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்” என்றார். மறுநாள் கூலி வாங்காமல் கூடவே வந்தார்.

பதிவு அலுவலர் நடுவயதுப் பெண். கனிவானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உறவைத் தவறாகச் சொல்லியிருந்தால் முழு உயிலும் செல்லாமல் போகலாம், அதுவும் உண்மையிலேயே ஒரு அண்ணன் மகள் இருக்கும்போது, உடனே திருத்துங்கள் என்றார். மகள் என்று எழுதப் பிறப்புச் சான்றிதழோ தத்து உத்தரவோ வேண்டும். மனைவியின் மகள் என்று எழுதத் திருமணச் சான்றிதழ் வேண்டும்.

“வளர்த்த பொண்ணுன்னு எழுத முடியாதான்னு கேளுங்கம்மா” என்றார் லிஃப்ட்காரர்.

“அதுக்கும் கோர்ட் தாள் வேணுமாம்.”

“என்கிட்ட தாள் இருக்கு.”

அடுத்த நாள் ஒரு துணிப்பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். ஒன்பது வருட மதிப்பெண் அட்டைகள். எல்லாவற்றிலும் ‘பாதுகாவலர்’ என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. முதல் அட்டையில் எழுத்துகள் தனித்தனியாக நின்றன. கடைசி அட்டையில் ஒரே இழுப்பு. அந்த அலுவலர் ஒன்றைக்கூட விடாமல் புரட்டினார். ஒரு இடத்தில் சிரித்தார்.

“கணக்குல பொண்ணு ரொம்ப மோசமாமே” என்று மொழிபெயர்ப்பாளர் அம்மா சொன்னார்.

“இப்ப கண்ணாடியோட பவரெல்லாம் மனப்பாடமாச் சொல்லுவா.”

அலுவலர் அட்டைகளை வரிசை கலையாமல் பையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இவை பள்ளிக்கூடத்துத் தாள்கள், இதை வைத்து நான் எழுத முடியாது என்றார். சான்று இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் எழுத ஒரே சொல்தான் இருந்தது. ‘இல்லை.’

“காலியா விட்டுட்டா?”

“விடக் கூடாதாம், சார். காலியா இருந்தா நாளைக்கு யார் வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். இல்லன்னு இருந்தா ஒருத்தராலயும் அசைக்க முடியாதாம்.”

அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். மூன்று நாள் யோசித்தார். தப்பாக இருந்தாலும் அண்ணன் மகள் என்பது ஒரு உறவு. இல்லை என்பது என்ன? ஆனால் தப்பான உயிலைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நிற்பதை நினைத்துப் பார்த்தார். நான்காம் நாள் அவளே கேட்டாள்.

“எப்பப் போகணும் சித்தப்பா?”

“நீ வர வேணாம்மா.”

“வரேன்.”

சொத்து பெறுபவர் உள்ளே இருக்கக் கூடாது. அவள் வெளியே உட்கார்ந்தாள். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. உயில் எழுதுகிறவர் தன் வாயால் சொல்வதைப் பதிவு செய்ய மேசையில் ஒரு மைக் இருந்தது. அலுவலர் ஒவ்வொரு வரியாகக் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் அம்மா தமிழில் சொன்னார். பெயர், வயது, வீடு எல்லாவற்றுக்கும் அவர் தெளிவாகப் பதில் சொன்னார்.

“இந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?” அந்த அம்மா தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

“இல்ல.”

அலுவலர் மைக்கைக் காட்டி ஏதோ சொன்னார்.

“பதிவாகலையாம். கொஞ்சம் சத்தமாச் சொல்லணுமாம், சார்.”

மோட்டார் அறையிலிருந்து ஆறு மாடி கீழே நிற்கிறவனுக்குக் கேட்கும்படி கத்திப் பழகியவர். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு இழுத்தார்.

“எனக்கு எந்தச் சொந்தமும் இல்ல.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த முறை அவர் எண்களைச் சரிபார்க்கவில்லை. காட்டிய இடத்தில் போட்டார்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். இரண்டு பஸ் போனது. இரண்டிலும் அவர்கள் ஏறவில்லை.

“அன்னைக்கே நான் அப்பான்னு கூப்பிட்டிருந்தா இந்தத் தாள் வேற மாதிரி இருந்திருக்குமா?”

பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்தார். அவரால் முடியவில்லை. “இல்லம்மா. நாம கூப்பிடறதையெல்லாம் அவங்க எழுத மாட்டாங்க.”

“அப்ப என் தப்பில்லதான?”

“உன் தப்பு இதுல எங்கம்மா இருக்கு?”

அவள் அழுதாள். அவளைத் தொட்டுத் தேற்ற அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வெயில் அவள்மேல் விழாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு லிஃப்டை நிறுத்திவிட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர் ஒன்பதாம் மாடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கம்பெனி மேற்பார்வையாளர் அவளைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். உடலை வாங்க அண்ணனின் கையெழுத்து வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. அண்ணன் போனில் அழுதார். “நீ போட்டா செல்லாதாம்மா? இத்தன வருஷம் கூட இருந்தது நீதான?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தாளை அனுப்பினார். அங்கேயே தகனம் செய்ய ஒப்புக்கொண்டார். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணி என்று நேரம் கொடுத்தார்கள்.

வீடு விஷயத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை. பின்னால் பதினோரு நாளில் அவள் பெயருக்கு மாறியது. இவ்வளவு தெளிவான உயிலை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் கண்ணாடிக் கடைக்குப் போனாள். மேனேஜர் கெட்டவர் அல்ல. தமிழ் பேசுகிறவர்தான். விடுப்பு விதிகள் எழுதிய தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“அப்பா, அம்மா, புருஷன், பிள்ளை, கூடப்பிறந்தவங்க. இவங்களுக்குத்தாம்மா மூணு நாள். அதுக்கும் சர்டிபிகேட் வெக்கணும். அவரு உனக்கு என்ன வேணும்?”

அவள் அந்தப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

“அரை நாள் போதும் சார்.”

“காரணம்னு என்ன போட?”

“சொந்த வேலைன்னு போட்டுக்கோங்க.”

அவர் அப்படியே எழுதினார். அன்று காலை கடைக்கு வந்த ஏழு பேருக்கும் அவள் கண்ணாடி பொருத்திக் கொடுத்தாள். ஒவ்வொருவரின் காதுக்குப் பின்னாலும் விரலை வைத்து, “இங்க அழுத்துதா?” என்று கேட்டாள். இரண்டு மணிக்குக் கிளம்பினாள்.