மச்சத்துக்கு ஒரு விரல் தள்ளி

எனக்குக் கைராசி உண்டு என்று ஊரில் பேச்சுக் கிளம்பியபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். கணக்குப் பரீட்சையில் முப்பத்தைந்தைத் தாண்டத் தெரியாத கை. ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா கோழியை அடைவைக்கும்போது என்னைக் கூப்பிட்டு முட்டைகளை வைக்கச் சொன்னார். பன்னிரண்டில் பதினொன்று பொரித்தது. பொரிக்காத ஒன்றுக்குக் கோழிதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை பெருமையும் எனக்கு வந்தது பெரியப்பாவின் வயிற்றிலிருந்துதான்.

எங்கள் ஊர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. பெரியப்பா என் அப்பாவின் அண்ணன், எதிர்வீடு. மழை பெய்த வருஷம் காட்டில் பருத்தியும் குதிரைவாலியும் போடுவார். பெய்யாத வருஷம் அதே காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார். ஒருமுறை கருவேல முள் உள்ளங்கையில் ஆழமாக ஏறி ஒடிந்துவிட்டது. பிளேடால் தானே கீறி முள்ளை எடுத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குழம்பில் உப்புக் குறைவு என்று பெரியம்மாவிடம் சண்டை போட்டபடியே சாப்பிட்டு முடித்தார். அப்படிப்பட்ட ஆள்.

பெரியப்பாவின் சுகர், மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்று அருப்புக்கோட்டையில் நாங்கள் காட்டும் டாக்டர் இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒன்று. யார் போடுவது என்பதுதான் சிக்கல். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை, ஊசிக்குழாயில் இருக்கும் மயிரிழைக் கோடுகள் தெரியாது. பெரியம்மா தக்காளி நறுக்கும்போது கையில் சிவப்பாக ஏதாவது பட்டாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர். அவர்கள் மகன், எனக்கு அண்ணன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அப்பா விடியுமுன் பஸ் ஏறிவிடுவார். அம்மா முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மிச்சம் நான்தான். எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்திப் பழக்கி, டாக்டரிடம் வேலை பார்த்த நர்ஸ் என்னை அனுப்பிவைத்தார்.

எலுமிச்சம்பழம் சத்தம் போடாது. முதல் நாள் நான் ஊசியை மெதுவாக, மரியாதையாக இறக்கினேன். பெரியப்பா ‘ஸ்ஸ்’ என்றார். அவ்வளவுதான், நான் அழ ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் நாள் ஊசியைக் கையில் எடுக்கும்போதே அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ ஒரு பக்கம் குத்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அங்கேயும் ஒரு தடவை அழுதேன்.

மூன்றாம் நாள் பெரியப்பா சட்டையைத் தூக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் இருந்த மிளகளவு மச்சத்தைக் காட்டினார்.

“இந்தா தாயி, இந்த மச்சத்துக்கு ஒரு வெரல் தள்ளிப் போடு. நேத்து ராத்திரி அங்கிட்டுத்தேன் போட்ட. வலியே தெரியல.”

போட்டேன். சத்தமே இல்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “போட்டுட்டியா? எப்பப் போட்ட?” என்றார். பெரியம்மா அசந்துபோனார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மச்சத்துக்கு ஒரு விரல் தள்ளி, காலையும் ராத்திரியும், மாசக்கணக்காக. ஒரு ஊசியை ஒரு வாரம் வைத்துக்கொள்வோம், சிக்கனம் என்று. பெரியப்பா வெளியூர் போனால்கூட ராத்திரிக்குள் திரும்பிவிடுவார். என் கையைத் தவிர வேறு கை அவருக்கு ஆகாது என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்வார், நான் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்ப்பேன்.

முதல் மூன்று மாதம் சுகர் நன்றாக இறங்கியது. பிறகு ஏற ஆரம்பித்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். கொஞ்ச நாள் கழித்து இன்னும் கூட்டினார். நான் குழாயில் மேலே மேலே உள்ள கோடுவரை மருந்தை இழுத்தேன், சுகர் இறங்குகிற வழியாக இல்லை. மருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. கரண்ட் அடிக்கடி போகிற காலம், மருந்து கெட்டிருக்கும் என்று பெரியம்மா சொல்ல, எங்கள் ஃப்ரிட்ஜைக் குறை சொல்லிவிட்டார்களே என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டவுனிலிருந்து புது மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்தார்கள். அதற்கும் இறங்கவில்லை. ஆவாரம்பூக் கஷாயம், பாகற்காய்ச் சாறு எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. ஃப்ரிட்ஜும் மருந்தும் நிரபராதி என்று ஆனபிறகு, பழி பெரியப்பாவின் வாயில் வந்து நின்றது.

“அவுக வெளிய எங்கயோ திங்கிறாக. இல்லாட்டி எப்படி ஏறும்?” என்றார் பெரியம்மா. சீனி டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்தால் சட்டைப் பை சோதனை, வாய் மணம் சோதனை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆள் இளைத்து, எந்நேரமும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். மீசை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில், ஒருநாள் செருப்பைக் கழற்றியபோது உள்ளே ரத்தம். வலது கால் இரண்டாம் விரலில் கருவேல முள் ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. சுகர் முற்றினால் காலுக்கு உணர்ச்சி குறையும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். அந்தப் புண் ஆறவில்லை. மேலே காய்ந்து உள்ளே கனிந்தது. டாக்டர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, பதினைந்து நாளில் சுகர் இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பெரியம்மா பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்ததும் அழுகை கோபமாகி, என்னை ஒற்றராக நியமித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெரியப்பாவைத் தொடர்ந்து போனேன். பொட்டல்வெளியில் ஒருவரைத் தொடர்ந்துபோய் மறைவது நடக்கிற காரியமில்லை. டீக்கடையை அடையுமுன்பே அவர் பார்த்துவிட்டார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. சீனி இல்லாமல் ஒரு டீ குடித்தார். எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அவர் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. நான் விரல்வரை நக்கிச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் பெரியம்மா காத்திருந்தார். மிட்டாய் தின்றேன் என்றால் ஒற்றர் வேலையின் லட்சணம் வெளியாகிவிடும், அம்மாவிடமும் அடி விழும். நான் பாதி உண்மையைச் சொன்னேன்.

“பெரியப்பா கருப்பட்டி மிட்டாய் வாங்குனாக.”

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். வெரலு போகப்போகுது, இன்னமும் நாக்கு அடங்கலையே என்று தெருவே கேட்கக் கத்தினார். பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “ஆமா, வாங்குனேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அன்று ராத்திரி ஊசி போடும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சத்தை மட்டும் பார்த்தேன்.

பதினைந்து நாள் முடிந்து டவுனுக்குப் போனோம். எந்த அளவு போடுகிறேன் என்று டாக்டருக்குச் சொல்ல என்னையும் கூட்டிப்போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நானூற்றுப் பத்து. மறுநாள் விரலை எடுத்துவிடலாம், இன்றே படுக்கட்டும் என்றார்கள். பெரியம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மிட்டாயைத் தின்றது நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால் விரல் தப்பிக்கும் என்றால் சொல்லியிருப்பேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

அப்போது, என்னை எலுமிச்சம்பழத்தில் பழக்கிய அதே நர்ஸ் ஊசியோடு வந்தார். பெரியப்பா வழக்கம்போல் சட்டையைத் தூக்கி மச்சத்தைக் காட்டினார். நர்ஸ் குத்தப்போனவர் நின்றுவிட்டார். அந்த இடத்தை இரண்டு விரலால் அழுத்தினார். சுற்றிலும் தடவினார். மறுபக்கம் அழுத்தினார். மறுபடி இங்கே வந்தார்.

“ஐயா, இங்க கட்டியா ஒண்ணு இருக்கே. எலுமிச்சம்பழம் கணக்கா. தினமும் இதே இடத்துலயா போடுறீங்க?”

டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். ஒரே இடத்தில் மாசக்கணக்காக, அதுவும் மழுங்கிய ஊசியால் குத்தினால் தோலுக்கடியில் இப்படித் தடித்துவிடும், மருந்து அதற்குள்ளேயே நின்றுவிடும், ரத்தத்தில் ஒழுங்காகப் போய்ச் சேராது என்றார். நாள்பட்டால் அந்த இடம் மரத்தும் போகும், அதனால் குத்துவது தெரியாது என்றார். பெரியப்பா கேட்டுவிட்டு, “கட்டாந்தரையில பேஞ்ச மழயாட்டம்” என்றார்.

“யாரு இங்கயே போடச் சொன்னது?” என்று நர்ஸ் கேட்டார். கேட்டபோது அவர் என்னைத்தான் பார்த்தார். பெரியம்மாவும் என்னைப் பார்த்தார். கோழி முட்டை முதல் எல்லாப் பெருமையும் ஒரே நொடியில் என் காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது. பெரியப்பாவின் விரலை நான்தான் வெட்ட வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“நாந்தேன்மா சொன்னேன்” என்றார் பெரியப்பா. “எனக்கு ஊசின்னாப் பயம். அங்கிட்டுன்னா வலிக்காது. புள்ள என்ன செய்யும், நாஞ் சொன்ன எடத்துல போட்டுச்சு.”

அடுத்த கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு இத்தனூண்டு ஊசிக்குப் பயமா என்று பெரியம்மா சிரித்து, சிரிக்கும்போதே அழுது, “அப்ப இவுக திருடித் திங்கலையா டாக்டரே?” என்று கேட்டார். இல்லை என்றார் டாக்டர். பெரியம்மா கைகூப்பியது டாக்டரைப் பார்த்தா புருஷனைப் பார்த்தா என்று தெரியவில்லை. நானும் சிரித்தேன். பயந்தது பெரியப்பா, தப்பும் பெரியப்பாவுடையது என்று ஆனதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

விரலை எடுப்பதைத் தள்ளிப்போட்டார்கள். நர்ஸ் பேனாவால் பெரியப்பாவின் வயிற்றில் கோடு கிழித்து நாலு வயலாகப் பிரித்து, கட்டிப் பக்கமே போகாமல், தினம் இடம் மாற்றிப் போடச் சொன்னார். ஊசியையும் தினம் மாற்றச் சொன்னார். நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுசாக வேலை செய்யும் என்று டாக்டர் அளவை வெகுவாகக் குறைத்தார். சுகர் அளவுக்கு மீறி இறங்கி வேர்த்து நடுக்கம் வந்தால் உடனே சீனி கொடுங்கள் என்றும் சொன்னார். மூன்றாம் நாளே சுகர் இறங்க ஆரம்பித்தது. புண்ணும் அடியிலிருந்து ஆறி வந்தது. பத்து விரலோடு ஊருக்கு வந்தார்.

வந்த நாலாம் நாள், கஞ்சி குடிக்காமலேயே காட்டுக்குக் கிளம்பியவருக்கு வாசலிலேயே வேர்த்து, கை நடுங்கியது. பெரியம்மா ஓடிப்போய் பீரோவைத் திறந்தார். பதற்றத்தில் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. டப்பாவிலிருந்து சீனியை அள்ளி அவர் வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவுக்குத் தெளிந்தது. மீசையெல்லாம் சீனி.

“இத்தன நாளா ஒளிச்சு வச்ச சீனிய இப்பத்தேன் கண்ணுல காட்டுற” என்றார்.

பெரியம்மா சிரித்தார். நான் உடைந்துபோய், அன்றைக்கு மிட்டாய் தின்றது நான்தான் என்று சொல்லி அழுதேன். பெரியம்மா என் காதைத் திருகினார், வலிக்காமல்தான். பெரியப்பா, “அதான் எனக்கே தெரியுமே” என்றார்.

அதற்குப் பிறகும் ஊசி நான்தான் போட்டேன். புதுப்புது இடங்கள், தொடை, வயிற்றின் வலப்பக்கம். ஒவ்வொரு முறையும், “வலிச்சுச்சா பெரியப்பா?” என்று கேட்பேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “எறும்பு கடிச்சாக்கூடத் தெரியும், இது அதுகூட இல்ல” என்பார். மச்சம் போனாலும் கைராசி போகவில்லை என்று துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

சென்ற வருஷம் என் வயிற்றில் குழந்தை இருந்தபோது எனக்குச் சுகர் வந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இப்போதைய ஊசி மயிரளவுதான். என் வயிற்றில், என் கையால், முதல் முறை குத்தினேன். வலித்தது. பெரிய வலி இல்லை. ஆனால் தெரியாமல் இருக்கிற வலியும் இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பஞ்சை வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாள்பட்டால்தான் மரத்துப்போகும். பெரியப்பா மச்சத்தைக் காட்டி வலியே தெரியவில்லை என்று சொன்னது மூன்றாம் நாள். மூன்றாம் நாளில் எந்த இடமும் மரத்திருக்காது. உள்ளங்கையை பிளேடால் கீறிவிட்டு உப்புக் குறைவு என்று சண்டை போட்டவர் எப்படி ஊசிக்குப் பயப்படுவார்? அழாமல் குத்துவதற்கு எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அவர் தேடிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்தபோது மீசையோடு படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஊசி போடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது.

“எடத்த மாத்தி மாத்திப் போடுறியா?” என்றார் முதலில்.

“போடுறேன் பெரியப்பா.”

“வலிக்குதா தாயி?”

“எறும்பு கடிச்சாக்கூடத் தெரியும். இது அதுகூட இல்ல” என்றேன்.

 அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் நம்பவில்லை. நான்தான் அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.