இருபதாவது இடது கை

மனிதர்களின் கையைப் பிடித்துப் பிழைப்பவர்களில் டாக்டர், ஜோசியர், வளையல் கடைக்காரர் மூவருக்கும் மரியாதை உண்டு. விளையாட்டு வீரர்களின் விரலை அளக்கும் எனக்குக் கிடையாது.

சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளர் வேலை. விரல் நீளத்துக்கும் ஆட்டத் திறமைக்கும் தொடர்பு உண்டா என்பது ஆய்வு. ஆள்காட்டி விரல் எவ்வளவு நீளம், மோதிர விரல் எவ்வளவு, எந்தக் கைப் பழக்கம், பிடி எத்தனை கிலோ என்று குறிக்க வேண்டும். பிடிக்கு ஒரு கருவி உண்டு, இறுக்கினால் முள் நகரும். இருபது இடக்கை வீரர்கள் கிடைத்தால்தான் ஆய்வு தொடரும், என் ஒப்பந்தமும் தொடரும். ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கரண்டி பிடிக்கும் கை

தோ பாயோவில் ஒரு பேட்மிண்டன் கூடம். பதினெட்டு வயதுப் பெண், இடது கையால் அடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்ப் படிவத்தை நீட்டினேன். வாங்கியது அவள் அப்பா. எழுதுவது, பல் தேய்ப்பது, கரண்டி பிடிப்பது எல்லாவற்றுக்கும் 'வலது' என்று டிக் அடித்துவிட்டார். சாப்பாட்டுக் கையைக் கேட்டால் நம் ஆட்களில் இடக்கைக்காரரே இருக்க மாட்டார் என்பது கேள்வி தயாரித்தவர்களுக்குத் தெரியவில்லை.

"டாடி, நான் லெஃப்ட்தானே," என்றாள் மகள். அவர் என்னிடம் திரும்பினார்: "கோர்ட்டுல லெஃப்ட், வீட்டுல ரைட். நீங்க வீட்ட எழுதுங்க லா, மிஸ்."

மோதிர விரல்

பதினைந்தாவது ஆள், சாங்கியில் விமானச் சரக்கு ஏற்றும் கிரிக்கெட் வீரர். இடக்கைப் பந்துவீச்சாளர். கிளப் அணியிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். அளந்து முடித்ததும் கையை எடுக்காமல், "என்ன சொல்லுது?" என்றார்.

விரலை வைத்துத் தனி ஒருவரின் ஆட்டத்தைச் சொல்ல முடியாது, பலரின் சராசரியில்தான் ஏதாவது தெரியும், அதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டு இவ்வளவு குற்ற உணர்ச்சி எனக்கு வந்ததே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "மூணு பஸ் மாறி வந்தேன்கா. நல்லதா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?"

பத்தொன்பது

ஆள் சேர்க்க இரண்டு வாரம்தான் பாக்கி, பத்தொன்பதில் நிற்கிறேன். கைப்பந்து, மேசைப்பந்து, மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலையான சிலாட் என்று எல்லா இடத்திலும் கேட்டாகிவிட்டது. பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்தவரிடம்கூட விசாரித்தேன். பக்கத்து மேசை மாலா கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "பேசாம நீயே லெஃப்ட்ல ஏதாச்சும் கத்துக்கோ, டூ வீக்ஸ் இருக்குல்ல."

செல்வராஜ்

ஞாயிறு மாலை, ஃபேரர் பார்க் திடலில் வெளிநாட்டு ஊழியர்களின் கபடி. செல்வராஜ் கப்பல் பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் மெஷின் பிடிப்பவர், பிறவி இடக்கை. அவர் பிடித்தால் தப்ப முடியாது என்றார்கள் கூட்டாளிகள். "நீங்கதான் எனக்கு இருபதாவது," என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டேன்.

வலது கை நாற்பத்தாறு கிலோ. இடது கை பதினேழு. கருவியில்தான் கோளாறு என்று அவருடைய நண்பரை இறுக்கச் சொன்னேன். முள் ஒழுங்காக ஏறியது. செல்வராஜ் மறுபடி இறுக்கினார். பதினாறு. நண்பரைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து விரல்கள் மரத்துப்போகின்றன, காலையில் சட்டைப் பித்தான் போட முடிவதில்லை, ஆட்டத்தில் தோளால் சமாளிக்கிறார்.

உடனே டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்த்தால் கம்பெனிக்குத் தெரியும், தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். தாளில் பெயர் வராது, எண்தான் வரும் என்று மூன்று தரம் சொன்னேன். எனக்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது. படிவத்தில் விலகிக்கொள்ள உரிமை உண்டு என்ற வரியை அவரே விரலால் தொட்டுக் காட்டினார்: "உங்களுக்கு இது இருபதாவது கைக்கா. எனக்கு இருக்கறதே ரெண்டுதான். அதுல ஒண்ணு போச்சுன்னு எங்கயும் எழுத வேணாம்."

அவர் தாளைக் கிழித்தேன், ஆய்வு பத்தொன்பதோடு மூடப்பட்டு என் வேலை போனது. ஆக, இத்தனை மாதம் அளந்ததில் தப்பிய ஒரே வேலை செல்வராஜுடையது, அதுவும் அவர் கையைத் தின்கிற வேலை.